வெடிக் காக்காவும் புகை வராத துவக்கும்

கல்முனையில் சந்தேகப்படுவதற்கென்றே சம்பளம் வாங்கிய ஒரே மனிதர் எங்கள் வங்கிக் கிளையின் காவலாளி வெடிக் காக்காதான். காலை எட்டு இருபதுக்கு அவர் வாசலில் நின்றுவிட்டால், அந்தப் படியில் கால் வைக்கிற எல்லாரும் கள்ளர்கள். பிறகு வேண்டுமானால் நிரபராதிகள் ஆகிக்கொள்ளலாம். என் சோற்றுப் பார்சலைப் பதினொரு வருஷம் அழுத்திப் பார்த்தார். பெருநாளைக்கு வட்டிலப்பம் கொண்டுவந்த முகாமையாளரின் மனைவியிடம், அதை ஏன் மூடி வைத்திருக்கிறீர்கள் என்று விசாரித்தார்.

அவருடைய தோளில் ஒற்றைக்குழல் துவக்கு ஒன்று தொங்கும். துவக்குகள்மேல் அவருக்குத் தீராத மோகம். எது எத்தனை இறாத்தல், எது தோளில் எப்படி உதைக்கும் என்று கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் சொல்வார். இறக்காமத்தில் வயலுக்குள் வந்த யானையை ஒரே வெடியில் காட்டுக்குத் திருப்பினாராம். வெடி என்ற பட்டமும் அதனால் வந்தது; காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன். யானை நின்ற தூரத்தை அவர் சொல்லச் சொல்ல நான் தேதியோடு குறித்துவந்தேன். முதல் தடவை நாற்பது கெஜம். கடைசித் தடவை ஏழு.

ஒருநாள் காசாளர் கருமபீடத்தில் வேலைசெய்த றிபாயா, ஜப்பான்காரர் எடுத்த கார்ட்டூன் தொடர் ஒன்றைப் பற்றிச் சொன்னாள். பள்ளிக்கூடப் பெண்பிள்ளைகள் குறிபார்த்துச் சுடும் போட்டிக்குப் போகிற கதை. காக்காவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. மூன்று மணிக்கு வாசல் மூடியதும் தேநீர் அறைக்கு வந்து, பெல்டை இறுக்கிக்கொண்டு, அவளுடைய போனுக்கு முன்னால் உட்கார்ந்தார்.

கீழே ஓடிய ஆங்கிலத்தை றிபாயா தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள். ஐந்து நிமிஷம் பிள்ளைகள் வகுப்பில் கதைத்தார்கள். நான்கு நிமிஷம் கேக் தின்றார்கள்.

"துவக்கு எங்க புள்ள? ஒளிச்சி வெச்சிரிக்காளுகளா?" என்றார் காக்கா.

பதினாலாவது நிமிஷத்தில் துவக்கு வந்தது. ஒருத்தி முழங்கையை இடுப்பில் முட்டுக்கொடுத்து நின்றாள். அது குடம் தூக்குகிற நிலை என்று காக்கா தீர்ப்புச் சொன்னார். அவள் விசையை அழுத்தினாள். சத்தம் இல்லை, புகை இல்லை, தோள்கூட அசையவில்லை. காக்கா அதை மூன்று தடவை திருப்பிப் போடச் சொல்லிப் பார்த்தார். தோட்டா போடாமல் வெளிச்சத்தால் சுடுகிற துவக்கு அது என்று றிபாயா விளக்கினாள்.

"வெளிச்சமா? அப்ப டோர்ச் எண்டு செல்லுங்க. தோட்டா இல்லாத துவக்கப் புடிச்சிக்கிட்டு நிக்கிறதுக்கு ஒரு போட்டி. அதுக்கொரு படம்."

றிபாயாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "உங்கட துவக்கு எப்ப காக்கா வெடிச்ச? அதுக்குள்ள தோட்டா இரிக்கி எண்டு நாங்க என்னத்த வெச்சி நம்புற?"

எல்லாரும் சிரித்தோம். தேநீர்க் கோப்பையோடு கதவில் நின்ற முகாமையாளர் மட்டும் சிரிக்கவில்லை. மறுநாள் காலை துவக்கைத் தன் முன்னால் திறந்து காட்டவேண்டும் என்றும், அதைச் சரிபார்த்துப் பதிவேட்டில் எழுத நான் நிற்கவேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

மற்றவர்கள் வீட்டுக்குப் போனதும் காக்கா என்னைக் கோப்பு அறைக்குள் கூப்பிட்டார். துவக்கை மடித்துத் திறந்து நீட்டினார். குழலுக்குள்ளால் எதிர்ச் சுவர் தெரிந்தது.

"கடல் காத்துல ஈரம் புடிச்சிட்டெண்டு செக்கியூரிட்டி கொம்பனிக்காரன் தோட்டாவ எடுத்துட்டுப் போனான் தம்பி. மூணு வருசம். கேட்டுக் கேட்டு உட்டுட்டன். இன்னும் கேட்டா துவக்கையும் வாங்கிட்டுத் தடியக் குடுத்திருவானுகள். தடியோட நிக்கிற கிழவனுக்கு ஆரு பயப்புடுற?"

மூன்று வருஷமாக எங்களைக் காத்தது அவருடைய முறைப்பு மட்டும்தான் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

மறுநாள் முகாமையாளர் அலுமாரிக்குப் பின்னால் நின்றுகொண்டார். துவக்கென்றால் அவருக்கு நடுக்கம். தவறி வெடித்துவிடுமா என்று அங்கிருந்தே இரண்டு தடவை கேட்டார். பிறகு என்னையே பார்க்கச் சொன்னார். காக்கா மடித்துத் திறந்து நீட்டிய குழலில் நான் குனிந்து கண்ணை வைத்தேன். அலுமாரிக்கு வெளியே நீண்டிருந்த அவருடைய சப்பாத்து, லேஸ் முடிச்சோடு தெளிவாகத் தெரிந்தது.

"தோட்டா இரிக்கி சேர்" என்றேன்.

பதிவேட்டிலும் அப்படியே எழுதினேன். இருபத்திரண்டு வருஷ சேவையில் நான் எழுதிய ஒரே பொய் அது. அந்த வரி மட்டும் கொஞ்சம் சரிந்திருக்கும்.

அந்த வாரக் கடைசியில் காக்கா றிபாயாவிடம் போய், வேறெங்கோ பார்த்துக்கொண்டு, அந்தப் பிள்ளைகள் வென்றார்களா என்று கேட்டார். மிச்சப் பகுதிகளையும் ஒவ்வொன்றாகப் போடச் சொல்லிப் பார்த்தார். அவர்கள் தோற்ற அன்று தேநீர் குடிக்கவில்லை.

போன வருஷம் வேலையை விட்டுப் பாலமுனையில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். இப்போது வாசலில் நிற்பவர் எல்லாரையும் சிரித்து வரவேற்கிறார். அவருடைய துவக்கில் தோட்டா இருக்கிறது. திறந்து பார்த்துத்தான் எழுதினேன். ஆனாலும் அந்தக் கட்டடத்துக்குள் எனக்குப் பயமாக இருப்பது இப்போதுதான்.