ஆனா டாக்டர் தரையில் படுத்த நாள்

தர்மபுரி மாவட்டத்தில் ‘சரி’ என்ற சொல்லை ஒருமுறைகூட உச்சரிக்காமல் வேலை பார்த்து ஓய்வும் பெற்றவர் ஒருவர்தான். பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. ஆனா டாக்டர் என்றால் ஒகேனக்கல் பரிசல்காரர்கூட வழி காட்டுவார். “டீ சாப்பிடறீங்களா சார்?” என்று கேட்டால், “சாப்பிடலாம், ஆனா...” என்று ஆரம்பிப்பார். அது முடிவதற்குள் டீ ஆறிவிடும்.

இவரைப் போய், எல்லோரும் ஒருமித்து முடிவெடுக்க வேண்டிய நிபுணர் குழுவில் போட்டார்கள். ஆம்புலன்ஸுக்கு வரும் அரசுப் பணத்தை எங்கே செலவிடலாம் என்று அந்தக் குழு சொல்ல வேண்டும். ஆளுக்காள் ரகசியமாக மார்க் போடுவார்கள். குழுவின் எழுத்தரான நான் அவற்றை வாங்கிக் கூட்டி, காரணங்களோடு வாசிப்பேன். பிறகு மறுபடியும் போடுவார்கள். எல்லா மார்க்கும் நெருங்கி வரும்வரை இப்படியே ஓடும். ‘ஆனா’ என்று தொடங்கும் காரணம் யாருடையது என்பது மட்டும் ரகசியமாகவே இருந்ததில்லை.

சிக்கல், சித்தேரி மலைமேல் நிற்கும் ஆம்புலன்ஸ் வண்டியில் வந்தது. அழைப்பு குறைவு, கீழே கொண்டுவந்தால் செலவு மிச்சம், கீழிருந்து ஏற ஒரு மணி நேரம் ஆனாலும் தாங்கும் என்று, வண்டியைக் கீழே இறக்க எல்லோரும் மார்க்கை அள்ளிப் போட்டார்கள். ஆனா டாக்டர் பூஜ்யம் போட்டார்.

கடைசிச் சுற்று. தாள்கள் கைக்கு வந்த நேரம், அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியிலிருந்து சரிந்தார். குழுத் தலைவர் அம்மா அலறிக்கொண்டு போனை எடுத்தார். கீழே ஒரு கண் திறந்தது.

“போன் பண்ணாதீங்க. நீங்க போட்ட மார்க்குப்படி இன்னும் ஒரு மணி நேரம் இருக்குது.”

“என்ன விளையாட்டு சார் இது? எனக்கு உசுரே போயிருச்சுங்க!” என்றார் தலைவர் அம்மா.

“உங்களுக்கு ஒரு நிமிசத்துலயே போயிருச்சு. ஆனா மேல இருக்கறவங்களுக்கு மட்டும் ஒரு மணி நேரம் தாங்குமாங்க?”

நிதி அதிகாரி, “கெடக்கட்டும் விடுங்க, நாம சாப்பிடலாம்” என்று பொட்டலத்தைப் பிரித்தார். தரையில் ஓர் ஆள் கிடக்கும்போது சோறு இறங்குமா? கூடவே கீழிருந்து வர்ணனை வேறு.

“வண்டி இப்பத்தான் அரூர் தாண்டுது... மலை ஏறுது... எதிர்ல பஸ்ஸு, பின்னால வாங்குறான்...”

திடீரென்று, “இனிமே நான் பேசக் கூடாது. இந்நேரம் எனக்கு நெனப்பு தப்பியிருக்கும்” என்று கண்ணை மூடிக்கொண்டார்.

அவர் வாய் மூடி நாங்கள் பார்த்ததே இல்லை. அதுதான் பேரதிர்ச்சி. எத்தனையோ நோயாளிகளைப் பார்த்த டாக்டர்கள், அசையாத அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். நிதி அதிகாரி கையைக்கூடக் கழுவாமல் வந்து, “என் தாளைக் குடுங்க” என்றார். ஒவ்வொருவராக வாங்கி மார்க்கைத் திருத்தினார்கள். எல்லாத் தாளும் ஒரே பக்கம் சாய்ந்தது. வண்டி மலையிலேயே நிற்கும்.

“சார், எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. எந்திரிங்க.”

பதில் இல்லை. தொட்டால் கை சில்லென்றிருந்தது. பதறிப்போய் நாடியைத் தேடினேன். நாடி ஒழுங்காகத்தான் ஓடியது. மனிதர் நிஜமாகவே தூங்கிப்போயிருந்தார், லேசான குறட்டைகூட வந்தது. அது தெரிந்த பிறகும் அந்தக் கையை விட எனக்கு மனம் வரவில்லை.