ஏழாம் மாடிக்குள் நுழைந்தவள்

"உங்க பேரு லிஸ்ட்ல இல்லையே" என்றார் வாசலில் இருந்த செக்யூரிட்டி.

"நல்லாப் பாருங்கண்ணே. பதினோரு மணிக்கு இன்டர்வியூ. ஏழாவது மாடி."

அவர் நோட்டை நன்றாகவே பார்த்தார். முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார், அட்டையைக்கூட விடவில்லை. "இல்லம்மா" என்றார்.

சின்னவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பத்தே முக்கால்.

வீட்டில் இரண்டாவது பெண் என்பதால் அவள் பிறந்ததிலிருந்தே சின்னவள். கணினிப் பாதுகாப்பில் பட்டம் வாங்கி இரண்டு வருஷம் ஆகிறது. அந்தப் படிப்பால் இதுவரை பலன் அடைந்த ஒரே ஜீவன் அவளுடைய சித்தப்பாதான். வாரம் ஒரு பாஸ்வேர்டை மறந்துவிட்டு வந்து நிற்பார். அத்தைக்கோ வேறு கவலை. "செக்யூரிட்டி வேலைன்னா யூனிபார்ம் அவங்களே குடுத்துடுவாங்களா? விசில் நாமதான் வாங்கிக்கணுமா?" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்பாள்.

இதற்கிடையில் அக்கா புருஷன் தன் மெத்தைக் கடையில் அவளுக்காக ஒரு வேலையை உருவாக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார். வாடிக்கையாளர் வரும்போது மெத்தையில் படுத்துக் காட்ட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

"மெத்துன்னு இருக்குங்கறது முகத்துலயே தெரியணும். படிச்ச பொண்ணு படுத்தா மெத்தைக்கே ஒரு மரியாதை" என்று அப்பாவிடம் எடுத்துச் சொல்லியிருந்தார். அப்பாவும் மசிந்துவிட்டார். இன்றைய இன்டர்வியூவும் கைவிட்டால் திங்கட்கிழமை முதல் சின்னவள் படுத்தே ஆகவேண்டும்.

இந்த வேலை சாதாரண வேலையில்லை. ஊடுருவல் சோதகர். கம்பெனிக்காரனே கூப்பிட்டு, "எங்க இடத்துக்குள்ள திருட்டுத்தனமா புகுந்து பாரு, எங்கெங்க ஓட்டை இருக்குன்னு சொல்லு" என்பான். புகுந்து பார்த்துச் சொல்ல வேண்டும். இதை அம்மாவுக்கு விளக்கியபோது, "அனுமதி வாங்கிட்டுத் திருடறதுக்கு நாலு வருஷப் படிப்பா?" என்றாள் அம்மா. 

"மேல போன் பண்ணிக் கேளுங்கண்ணே."

செக்யூரிட்டி போன் செய்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. "யாரும் எடுக்கலையே. நீங்க வேணா நாளைக்கு..."

அப்போதுதான் சின்னவளுக்குப் பொறி தட்டியது. மெயிலில் என்ன எழுதியிருந்தது? 'உங்கள் திறமையை நேரில் வந்து நிரூபிக்கவும்.' நேரில் வந்து! லிஸ்ட்டில் பேர் இல்லை. போனை யாரும் எடுக்கவில்லை. இதெல்லாம் தற்செயலா? உள்ளே விடாததுதான் பரீட்சையே! உட்கார்ந்து பதில் சொல்கிற இன்டர்வியூ இல்லை இது. உள்ளே போய்க் காட்டுகிற இன்டர்வியூ.

"சரிண்ணே, நாளைக்கு வர்றேன்" என்று பணிவாகச் சொல்லிவிட்டுக் கட்டடத்தின் பக்கவாட்டுச் சந்துக்குப் போனாள்.

அங்கே சுவரோரம் ஜெராக்ஸ் காகிதப் பெட்டிகள் நாலைந்து கிடந்தன. கனமான பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறவரை யாரும் நிறுத்திக் கேள்வி கேட்பதில்லை என்பது மூன்றாவது செமஸ்டர் பாடம். ஒரு பெட்டியைத் தூக்கினாள். பாடத்தில் கனத்தைப் பற்றி ஒன்றும் போட்டிருக்கவில்லை. இடுப்பு 'மளுக்' என்றது.

பக்கவாட்டுக் கதவு பூட்டிக்கொள்ளாதபடி யாரோ ஓர் அட்டையை மடித்துச் செருகி வைத்திருந்தார்கள். 'முதல் ஓட்டை' என்று மனதுக்குள் குறித்துக்கொண்டாள். அதற்குள் டை கட்டிய ஒருவர் பின்னாலேயே வந்து, "அடடா, பார்த்து, பார்த்து!" என்று கதவைப் பிடித்துக்கொண்டார். லிப்டிலும் அவரே ஏழாம் எண்ணை அழுத்தினார். 'இரண்டாவது ஓட்டை. இந்த ஆளே ஓர் ஓட்டை.'

"புதுசா? எந்த டிபார்ட்மென்ட்?"

கையில் காகிதப் பெட்டி இருந்ததால் வாயில் அதற்குப் பொருத்தமாக வந்து விழுந்தது. "பிரிண்டர்."

"அப்பாடா!" டைக்காரர் முகத்தில் வெளிச்சம் பரவியது. "மூணு வாரமா மக்கர் பண்ணுது. வாங்க, வாங்க!"

ஏழாவது மாடி பெரிய கூடம். வரிசையாக மேஜைகள். முப்பது முப்பத்தைந்து பேர் கம்ப்யூட்டர் முன்னால் குனிந்துகொண்டு தட்டோ தட்டென்று தட்டிக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு சுறுசுறுப்பான ஆபீசைச் சின்னவள் பார்த்ததே இல்லை. எப்படியாவது இங்கே சேர்ந்துவிட வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது.

டைக்காரர் அவளைப் பிரிண்டர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். பத்துப் பேர் சுற்றிக் கூடிவிட்டார்கள். அவள் எத்தனையோ விதமான கணினித் தாக்குதல்களைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பரீட்சை எழுதியவள். பிரிண்டரைத் திறந்ததில்லை. மூடியைத் திறந்தாள், மூடினாள். மறுபடி திறந்தாள். உள்ளே கசங்கிய காகிதம் ஒன்று நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது. பிடித்து இழுத்தாள்.

பிரிண்டர் ஒரு செருமல் செருமியது. பிறகு மூன்று வாரமாக வயிற்றில் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் மொத்தமாகக் கக்க ஆரம்பித்தது. காகிதம் தட்டில் நிரம்பி, தரையில் நிரம்பி, காற்றில் பறந்தது. நிறுத்துவதற்காக ஒரு பொத்தானை அழுத்தினாள். அது பக்கத்துக்கு இரண்டு பிரதி எடுக்கிற பொத்தான்.

"என்ன நடக்குது இங்க?"

தலைமேல் ஏற்றிவிட்ட கண்ணாடியும் கையில் பேனாவுமாக ஓர் அம்மாள் வந்து நின்றார். அந்த மாடிக்கே அவர்தான் இன்சார்ஜ் என்பது மற்றவர்கள் பின்வாங்கிய வேகத்தில் தெரிந்தது.

"யாரும்மா நீ? உன்னை யார் அனுப்பினது?"

பறந்து வந்த காகிதம் ஒன்று சின்னவளின் முகத்தில் ஒட்டிக்கொண்டது. அதைப் பிய்த்தெடுத்தபடி, "ஹெட் ஆபீஸ்லேருந்து" என்று சொல்லிவிட்டாள்.

கூடம் முழுக்கத் தட்டுகிற சத்தம் நின்றது. எங்கோ ஒரு காபிக் கோப்பை கீழே விழுந்து உடைந்தது.

"ஹெட் ஆபீஸா?" இன்சார்ஜ் அம்மாளின் குரல் இறங்கிவிட்டது. "ஆடிட்டுங்களா?"

சின்னவள் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தலைதான் தானாக ஆடியது.

ஐந்தே நிமிஷத்தில் அவள் கண்ணாடி அறையில், சுழல் நாற்காலியில், காபியும் பிஸ்கட்டுமாக உட்கார வைக்கப்பட்டாள். பிரிண்டரின் மின்கம்பியை யாரோ பிடுங்கிவிட்டார்கள். இது அவளுக்குத் தோன்றாமல் போனது கொஞ்சம் அவமானமாக இருந்தது.

போன் அடித்தது. அக்கா புருஷன்.

"எங்கம்மா இருக்கே? என்ன ஆச்சு?"

"உள்ள போயிட்டேன் அத்தான்" என்று கிசுகிசுத்தாள்.

"ஐயையோ! உள்ள போயிட்டியா? எந்த ஸ்டேஷன்? அப்பவே சொன்னேன், இந்தத் திருட்டு வேலையெல்லாம் நமக்கு வேண்டாம்னு..."

"ஐயோ, ஆபீசுக்குள்ள அத்தான்! ரூம்ல உட்கார வெச்சு காபி குடுத்திருக்காங்க."

"தனி ரூமா? அப்ப வேலை கிடைச்சுடுச்சு!" பட்டென்று வைத்துவிட்டார்.

அடுத்த நிமிஷம் அம்மா. "ஏண்டி, என்கிட்ட முதல்ல சொல்ல மாட்டியா? அப்பா தெரு முழுக்கச் சொல்லிட்டாரு. சித்தப்பா வந்து கண் கலங்கிட்டு உட்கார்ந்திருக்காரு. அத்தை விசில் வாங்கப் போயிட்டா!"

இனிமேல் வேலையோடுதான் வீட்டுக்குப் போக முடியும். சின்னவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

இன்சார்ஜ் அம்மாள் ஒவ்வொருவராக உள்ளே அனுப்பினார். ஆடிட் என்றால் என்ன கேட்பது? "நீங்க இங்க என்ன வேலை பார்க்கறீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

சுருட்டை முடிக்காரர் ஒருவர் விரலால் மேஜையைத் தேய்த்தார். "நான் வந்துங்க... ஆபத்து வருதான்னு பார்த்துட்டிருக்கேன்."

"வந்துச்சா?"

அவர் அவளை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தார். "இன்னைக்குத்தாங்க."

அடுத்து வந்த பெண், "எல்லார் பாஸ்வேர்டையும் வாரா வாரம் மாத்தறேன் மேடம்" என்றாள். 

"மாத்தி?"

"அவங்க மறந்ததும் மறுபடி மாத்திக் குடுக்கறேன்."

டைக்காரர் வந்தார். "நான் ஒருங்கிணைப்பு" என்றார்.

"எதை எதோட?"

"அதைத்தான் மேடம் ஒரு வருஷமா யோசிச்சிட்டிருக்கேன்" என்று நெற்றி வியர்வையை டையால் துடைத்துக்கொண்டார்.

சின்னவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. இந்தப் படிப்புக்கு இவ்வளவு விதமான வேலைகளா! இதில் ஏதாவது ஒன்று தனக்கும் கிடைத்துவிட்டால்? பயத்தில் உளறுகிறார்களே என்று பாவமாகவும் இருந்தது. "நல்லாப் பண்றீங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லி அனுப்பினாள். டைக்காரர் அதைக் கேட்டு விசும்பிவிட்டார்.

அந்த நேரத்தில் இன்சார்ஜ் அம்மாள் மூச்சு வாங்க ஓடிவந்தார்.

"மேடம், கீழ செக்யூரிட்டி போன் பண்ணினாரு. லிஸ்ட்ல பேரில்லாத ஒரு பொண்ணு காலையில வந்து நின்னுச்சாம். அப்புறம் ஆளைக் காணோமாம். சந்துல ஒரு பெட்டியையும் காணோமாம். நம்ம ஆபீசுக்குள்ள யாரோ புகுந்திருக்காங்க மேடம்!"

"அப்படியா!" என்றாள் சின்னவள். குரல் கீச்சென்று வந்தது.

"நல்ல வேளை நீங்க இருக்கீங்க. நீங்கதான் கண்டுபிடிச்சுக் குடுக்கணும்."

ஆக, சின்னவள் தன்னையே தேடக் கிளம்பினாள். மேஜைக்கடியில் குனிந்து பார்த்தாள். அலமாரியைத் திறந்து பார்த்தாள். "ஆள் ஆறடி உயரம் இருக்கும். மீசை வேற இருக்கும்" என்றாள்.

"பொண்ணுன்னாங்களே மேடம்?"

"அதான் மாறுவேஷம்."

எல்லோரும் சேர்ந்து தேடினார்கள். ஒவ்வொருவரும் மற்றவரைவிட ஒருபடி அதிக உற்சாகமாகத் தேடினார்கள். சுருட்டை முடிக்காரர் குப்பைக் கூடையைக் கவிழ்த்துப் பார்த்தார். கவனத்தைத் திருப்புவதற்காகச் சின்னவள் தன் பாடத்திலிருந்து இன்னொன்றை எடுத்துவிட்டாள்.

"எல்லாரும் அவங்கவங்க அடையாள அட்டையை எடுத்துக் காட்டுங்க!"

பலர் சட்டைப் பையைத் தடவினார்கள்.

"வீட்டுல வெச்சுட்டு வந்துட்டேன்" என்றது ஒரு குரல்.

"என்னோடது துவைக்கப் போட்டிருக்கேன்."

"என்னோடதை நாய்..."

இன்சார்ஜ் அம்மாள் தலைமேல் இருந்த கண்ணாடியை இறக்கி மூக்கில் போட்டுக்கொண்டு, "மேடம், முதல்ல உங்க அட்டையைக் காட்டுங்களேன். எல்லாருக்கும் ஒரு முன்மாதிரியா இருக்கும்" என்றார்.

முப்பத்தைந்து ஜோடிக் கண்கள் சின்னவள் மேல் நிலைத்தன. போன் பையில் அதிர்ந்தது. அத்தையாக இருக்கும், விசில் நிறம் கேட்பாள். இனி மறைத்துப் பயனில்லை. வந்தது வரட்டும் என்று சுழல் நாற்காலியை இழுத்துப் போட்டு அதன்மேல் ஏறினாள். அது கொஞ்சம் சுழன்றதால் பாதிப் பேருக்கு முதுகைக் காட்டியபடிதான் பேச வேண்டியிருந்தது.

"நான் ஆடிட்டும் இல்ல, ஹெட் ஆபீசும் இல்ல. பிரிண்டர் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியாது. ஊடுருவல் சோதகர் வேலை இன்டர்வியூவுக்கு வந்தவ நான். கீழ விடலை. அதுதான் பரீட்சைன்னு புரிஞ்சுக்கிட்டு, நானே உள்ள புகுந்துட்டேன். காலையிலேருந்து உங்க யாராலயும் என்னைக் கண்டுபிடிக்க முடியல. உங்க பாதுகாப்புல மொத்தம் பதினாலு ஓட்டை இருக்கு. பதினாலாவது ஓட்டை நீங்க எல்லாரும்தான்!"

கைதட்டலுக்காக நிறுத்தினாள்.

யாரும் தட்டவில்லை. இன்சார்ஜ் அம்மாள் கூரையைப் பார்த்தார். டைக்காரர் டையைத் தளர்த்திக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தார். சுருட்டை முடிக்காரர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை.

"சொல்லுங்க" என்றாள் சின்னவள். "எனக்கு இந்த வேலை ரொம்ப அவசியம். உங்கள்ல யார் இன்டர்வியூ எடுக்கறவங்க?"

ஒரு கைகூட உயரவில்லை.

உடைந்த கோப்பையைப் பெருக்கிக்கொண்டிருந்த துப்புரவுக்கார அம்மா நிமிர்ந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "இறங்கு கண்ணு, விழுந்துடப் போறே. அந்தக் கம்பெனி காலி பண்ணிட்டுப் போயி ஒண்ணரை வருஷம் ஆச்சு. மெயில் மட்டும் தானாப் போயிட்டே இருக்கு, இங்க இருக்கிற எல்லாருமே உன்ன மாதிரி இன்டர்வியூவுக்கு வந்து உள்ள புகுந்தவங்கதான்."