வாசலில் வைத்த பை

வாசலில் வைத்த பை போய்விட்டது. போயிருக்க வேண்டிய பையோ கடைக்குள் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருந்தது.

லாண்டரிக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். யாரும் கேட்டு வராத பழைய துணிகளை ஒரு வெள்ளைப் பையில் கட்டியிருந்தார். தேய்த்து முடித்த இன்ஸ்பெக்டர் யூனிஃபார்ம் இன்னொரு வெள்ளைப் பையில் இருந்தது. இப்போது தர்மத்துக்குத் துணி வாங்கும் வண்டியில் ஏறிப் போய்க்கொண்டிருப்பது இன்ஸ்பெக்டர்.

காலையிலேயே மனைவி எச்சரித்தாள். ஆதரவற்ற குழந்தைகளுக்குப் பழைய துணி கேட்டு, கதவிடுக்கில் யாரோ செருகிவிட்டுப் போன நோட்டீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அழுவுற குழந்தை படம் மட்டும் பெருசா இருக்கு. எந்த இல்லம்னு பேரு இல்ல, பதிவு எண் இல்ல, விலாசம் இல்ல, வெறும் செல் நம்பர். நாளைக்கு நானே நல்ல இடமா விசாரிச்சு நேர்ல குடுத்துட்டு வரேன்."

"வாசல்ல வச்சா அவங்களே எடுத்துட்டுப் போறாங்க. புண்ணியத்துக்கு எதுக்கு பஸ் செலவு?"

"என்னமோ பண்ணுங்க. ஆனா இன்ஸ்பெக்டர் சட்டையில நாலாவது பட்டனை உடைச்சுட்டு, கறுப்புப் பட்டன் வச்சுத் தச்சிருக்கீங்களே, அவர் கண்ணுல பட்டா என்ன சொல்வீங்க?" என்று கேட்டுவிட்டு, வீடு வீடாகத் துணி கொடுக்கக் கிளம்பிப் போனாள்.

காலையில் பட்டனுக்குப் பயந்த மனிதர் இப்போது சட்டைக்கே பயந்தார். ஒரு கைக்குட்டை காணாமல் போனதற்கே, "நீ கடை நடத்தணுமா, வேணாமா?" என்று கேட்டவர் இன்ஸ்பெக்டர். இந்தக் கடையை விட்டால் குடும்பத்துக்கு வேறு பிழைப்பு கிடையாது.

நோட்டீஸில் இருந்த நம்பரை அழுத்தினார்.

"வணக்கம்ணா, துணி குடுக்கணுமா?" என்றது ஒரு பெண் குரல்.

"குடுத்துட்டேம்மா. பை மாறிப்போச்சு. அதுல ஒரு யூனிஃபார்ம் இருக்கு."

"ஸ்கூல் யூனிஃபார்மா?"

"போலீஸ் யூனிஃபார்ம்மா."

மறுமுனையில் அவள் யாரிடமோ கிசுகிசுப்பது கேட்டது. கோபித்துக்கொண்டார்களோ என்று பதறிப்போய், கொஞ்சம் இரக்கம் வரட்டுமென்று எல்லாவற்றையும் கொட்டினார்.

"கடையில நான் ஒத்தை ஆளும்மா. கல்யாண சீசன் வேற. தெருவுல உள்ள பட்டுப்புடவை, கோட்டு சூட்டு பூரா என்கிட்டதான் இருக்கு. இன்ஸ்பெக்டர் கடையை மூடிட்டா அத்தனை பேருக்கும் நான் என்ன பதில் சொல்றது?"

"அடப்பாவமே. கடை எங்கண்ணா இருக்கு?"

சொன்னார். எதிரே மருந்துக்கடை இருக்கும் அடையாளத்தையும் சேர்த்துச் சொன்னார்.

"பயப்படாதீங்கண்ணா. சாயங்காலத்துக்குள்ள அந்த யூனிஃபார்ம் உங்க கடைக்கு வந்துடும். இதை வெளிய சொல்லிடாதீங்க, எங்க பேரு கெட்டுடும்."

போன உயிர் திரும்பி வந்தது. வந்த உயிர் உட்காருவதற்குள் இன்ஸ்பெக்டரின் போன் வந்தது.

"நாளைக்குப் பெரிய அதிகாரி வர்றாரு. யூனிஃபார்ம் ரெடியா?"

"ரெடி சார்" என்று நாக்கு முந்திக்கொண்டது.

"அப்ப சாயங்காலம் நானே வந்து வாங்கிக்கிறேன்."

மறுபடியும் நோட்டீஸ் நம்பருக்குப் போட்டார். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் வாசலுக்கு ஓடினார். ஒவ்வொரு முறையும் ஓடியது வீணானது.

கடைசியில் ஒரு வேன் வந்து நின்றது. இறங்கியது போலீஸ்.

லாண்டரிக்காரர் தலை தானாகக் கவிழ்ந்தது. குரல் இன்ஸ்பெக்டருடையது இல்லை என்பது மட்டும்தான் ஆறுதல்.

"துணி வசூல்னு ஒரு மோசடிக் கும்பல் சுத்துது. நீ அவங்களுக்குத் துணி குடுத்தியா?"

"ஒரே ஒரு பை சார்."

"அப்ப நீயும் உடந்தை."

"ஐயோ சார், நான் பிள்ளைகுட்டிக்காரன்!"

கையெடுத்துக் கும்பிட்டார். அவர் பார்வை போலீஸ்காரரின் கால்சட்டைக்கு மேலே ஏறவே இல்லை. மடிப்பு கத்தி மாதிரி நின்றது. அந்தப் பயத்திலும், எவனோ தொழில் தெரிந்தவன் தேய்த்திருக்கிறான் என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டார்.

"இங்க இருக்கிறது திருட்டுத் துணியான்னு ஸ்டேஷன்ல வச்சுப் பார்க்கணும். எல்லாத்தையும் வண்டியில ஏத்து."

அவரே ஏற்றினார். பட்டு கசங்கிவிடாமல் மேலாக அடுக்கினார். மிச்சமிருந்த வெள்ளைப் பையையும் தூக்கிக்கொண்டு போய், "இதுவும் வேணுமா சார்?" என்று கேட்டார்.

"அது பழசு. வேணாம்."

வேன் போய்விட்டது. கொடியில் வெறும் ஹேங்கர்கள் ஆடிக்கொண்டிருந்தன. லாண்டரிக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்தார். திடீரென்று முகம் மலர்ந்தது. இனி இன்ஸ்பெக்டர் வந்தால் என்ன? எல்லாத் துணியோடும் சேர்த்து உங்கள் யூனிஃபார்மையும் உங்கள் ஆளே ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்விட்டார் என்று சொல்லிவிடலாம். அன்று முதல் தடவையாக அவருக்குச் சிரிப்பு வந்தது.

அப்போது மனைவி காலிப் பையோடு வந்து வாசலில் செருப்பைக் கழற்றினாள்.

"ஏங்க, காலையில உங்களைத் திட்டினது தப்புதாங்க. தெருமுனையில ஒரு போலீஸ்காரரு வேன்ல போனாரு, அவரு சட்டையிலயும் நாலாவது பட்டன் கறுப்புதான்."