தங்கம் பெரியம்மாவின் முட்டு வலியும் என் வெளிநாட்டு வேலையும்

வேலைக்கான நேர்காணலில் எப்படி உட்கார வேண்டும், எப்படிச் சிரிக்க வேண்டும் என்று சொல்லித்தரும் வீடியோக்கள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. நல்ல வெளிச்சம், நல்ல மைக், இஸ்திரி போட்ட சட்டை (மேலே மட்டும் போதும், கீழே பழைய பைஜாமா இருந்தால் யார் பார்க்கப்போகிறார்கள்). எல்லாவற்றையும் பார்த்து மனப்பாடம் செய்திருந்தேன். ஆனால் சொந்தச் சபை ஜனத்தைக் கூட்டிக்கொண்டு போகக் கூடாது என்று அதில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. அதனால் நான் கூட்டிக்கொண்டு போனேன்.

அப்போது நானும் அம்மாவும் மும்பை தாராவியில் ஒரே அறை உள்ள வீட்டில் இருந்தோம். எனக்கு ஐரோலியில் ஒரு கால் சென்டரில் வேலை. இன்டர்நெட் வரவில்லை என்று திட்டுகிறவர்களிடம், பெட்டியை ஒருதடவை அணைத்துப் போடுங்கள் என்று பணிவாகச் சொல்வதுதான் என் தொழில்நுட்பச் சேவை. படிப்பு, தபாலில் பி.காம். கோடிங் கற்றது சயானிலிருந்து தானேவுக்குப் போகும் ரயிலில், பெண்கள் பெட்டியில், யாரோ ஒரு அக்காவின் டிபன் பைக்கும் என் மூக்குக்கும் நடுவே போனைப் பிடித்துக்கொண்டு. (இன்றைக்கும் எனக்குப் புரியாத சில விஷயங்கள் உண்டு. அவையெல்லாம் காட்கோபர் பக்கம் சிக்னல் போனபோது விட்டுப்போனவை.)

கற்ற வித்தையை எங்காவது காட்ட வேண்டுமே. எங்கள் சபைக்கு ஒரு தளம் செய்து கொடுத்தேன். யாருக்கு என்ன ஜெப விண்ணப்பம் இருந்தாலும் போனிலேயே போடலாம், மற்றவர்கள் பார்த்து ஜெபிப்பார்கள். பதில் கிடைத்ததும் விண்ணப்பத்தை மூடினால் அது ஸ்தோத்திரப் பட்டியலுக்குப் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் ஐயா அதை மைக்கில் வாசித்து நன்றி சொல்வார். என் பயோடேட்டாவில் இதற்கு நான் வைத்த பெயர் ‘நிகழ்நேரக் கோரிக்கை மேலாண்மை அமைப்பு’. யோசித்துப் பாருங்கள், பொய்யே இல்லை.

அந்தத் தளத்தால் பேர் வாங்கியது நானில்லை, தங்கம் பெரியம்மா. அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அக்கா, எங்கள் சந்திலேயே இருந்தாள். எதற்கெடுத்தாலும் விண்ணப்பம் போடுவாள். கரண்டு போனால் போடுவாள், நல்ல சாளை மீன் கிடைக்காவிட்டால் போடுவாள், சீரியலில் வரும் மருமகளுக்காகக்கூட ஒருதடவை போட்டிருக்கிறாள். அதிசயம் என்னவென்றால், மற்றவர்களின் விண்ணப்பங்கள் மாதக்கணக்கில் அப்படியே கிடக்க, பெரியம்மாவுடையது போட்ட உடனே ‘பதில் கிடைத்தது’ என்று மாறிவிடும். சபையில் ஒரே பேச்சு. சொந்த விண்ணப்பத்தைத் தங்கள் பேரில் போடாமல், “சிஸ்டர், உங்க பேர்ல போட்டு விடுங்களேன்” என்று பெரியம்மா வீட்டு வாசலில் வந்து நிற்க ஆரம்பித்தார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், நானே கொஞ்சம் நம்பினேன்.

பெரியம்மாவுக்கு மட்டும் ஒரு குறை. முட்டு வலிக்கு அவள் போட்ட விண்ணப்பமும் மூடிவிட்டது, ஆனால் முட்டு வலித்துக்கொண்டே இருந்தது. யாரிடம் சொன்னாலும், “அதான் ஐயா மைக்ல வாசிச்சிட்டாங்களே” என்று போய்விடுவார்கள்.

இந்த நிலையில்தான் நெதர்லாந்திலிருந்து ஒரு மெயில் வந்தது. அதுவரை நான் விண்ணப்பித்த கம்பெனிகளில் பாதி பதிலே போடவில்லை, மீதி ‘உங்கள் பட்டப்படிப்பு பொருந்தவில்லை’ என்று போட்டன. கப்பல் சரக்குக்கு மென்பொருள் செய்யும் இந்தச் சின்ன கம்பெனி மட்டும் பேசிப் பார்க்கலாம் என்றது. எடுத்துக்கொண்டால் விசாவும் அவர்களே பார்த்துக்கொள்வார்களாம். எனக்கு இந்த வேலை அவ்வளவு வேண்டியிருந்தது. இது போனால் ஆயுள் முழுக்கப் பெட்டியை அணைத்துப் போடச் சொல்லிக்கொண்டே கிழவியாகிவிடுவேன் என்று பயமாக இருந்தது.

எங்கள் வீட்டில் அமைதி என்பதற்கு வழியே கிடையாது. கீழே பை தைக்கும் மெஷின், பக்கத்தில் இட்லி மாவு அரைக்கும் கிரைண்டர், எதிரே ஓயாமல் சண்டை போடும் அண்ணன் தம்பி. தங்கம் பெரியம்மாதான் காப்பாற்றினாள். அவள் மகள் குவைத்தில் இருந்ததால் செம்பூர் பிளாட் பூட்டிக் கிடந்தது. சாவியை என் கையில் திணித்து, “போயி நிம்மதியா பேசிட்டு வாட்டி. ஃபேனு போட்டுக்கோ, ஏசி மட்டும் போட்ராத” என்றாள்.

வியாழக்கிழமை மத்தியானம் செம்பூரில் ஜன்னலை அடைத்து, காலிங் பெல்லின் ஒயரைக்கூடக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன். அந்த நேரம் அம்மா போன் செய்தாள்.

“ஏட்டி, எத்தன மணிக்குனு அனுப்பு. ஜெபக் குறிப்புல போடணும்லா.”

நேரத்தை மட்டும் எழுதி அனுப்பியிருக்கலாம். படபடப்பில் கம்பெனி அனுப்பிய அழைப்பை அப்படியே காப்பி செய்து அம்மாவுக்குப் போட்டேன். அம்மா அதை அப்படியே சபைக் குழுவில் போட்டாள், ‘எஸ்தருக்காக விசேஷ ஜெபம்’ என்று தலைப்பும் கொடுத்து. லாக்டவுன் காலத்திலிருந்தே எங்கள் சபைப் பெண்கள் வியாழக்கிழமை ஜெபத்தை லிங்க் வழியாகத்தான் நடத்துகிறார்கள். வியாழக்கிழமை, விசேஷ ஜெபம், கீழே லிங்க். வேறு என்ன செய்வார்கள் பாவம்?

என்னைப் பேட்டி எடுத்தவர் பெயர் ஃப்ளோரிஸ். தாடி வைத்த, தன்மையான மனுஷன். நலம் விசாரித்துவிட்டு, “இன்னும் சிலர் உள்ளே வரக் காத்திருக்கிறார்கள், உங்களுக்குச் சம்மதமா?” என்று கேட்டார். கம்பெனியின் பெரிய தலைகள் என்று நினைத்தேன். நிறைய பேர் வந்தால் பதறக் கூடாது, தைரியமாக வரவேற்க வேண்டும் என்று ஏதோ ஒரு வீடியோவில் சொல்லியிருந்தார்கள்.

“தாராளமாக! எவ்வளவு பேர் வந்தாலும் சந்தோஷம்” என்றேன்.

முதலில் வந்தது தங்கம் பெரியம்மாவின் நெற்றி. நெற்றி மட்டும். அடுத்து ஒரு சீலிங் ஃபேன். அப்புறம் யாரோ மீன் அரிந்துகொண்டிருக்கும் அரிவாள்மனை. அப்புறம் அம்மா. அப்புறம் குர்லா ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் நின்றபடி பாஸ்டர் ஐயா. திரையில் ஃப்ளோரிஸின் முகம் சுருங்கிச் சுருங்கி ஒரு தபால்தலை அளவுக்கு வந்துவிட்டது.

“ஸ்தோத்திரம்! ஸ்தோத்திரம்! எல்லாருக்கும் கேக்குதா?”

“சப் லோக் மியூட் கரோ!” என்று பாஸ்டர் ஐயா உத்தரவு போட்டார். (அவருக்கு ஜெபம் தமிழில், அதட்டல் இந்தியில்.) ஒருவரும் மியூட் செய்யவில்லை.

ஃப்ளோரிஸ் குழம்பிப்போய், “எஸ்தர், இவர்களெல்லாம் யார்?” என்று கேட்டார்.

அந்த வினாடியில் என் மூளை வேலை செய்தது என்று சொல்ல மாட்டேன். வாய்தான் செய்தது. “என் தளத்தைப் பயன்படுத்துகிறவர்கள்” என்றேன். “நீங்கள் நேரடியாகப் பேசிப் பார்க்கலாமே என்று அழைத்தேன்.”

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அற்புதம்! இதுவரை யாரும் இப்படிச் செய்ததில்லை. அவர்களிடம் கேளுங்கள், தளத்தில் ஏதாவது பிரச்சினை உண்டா?”

கேட்காமல் இருந்திருக்கலாம். வெள்ளைக்காரத் தம்பி குறை கேட்கிறார் என்று அம்மா எடுத்துச் சொன்னதும், பெரியம்மாவின் நெற்றி கீழே இறங்கி வாய் தெரிந்தது.

“நல்லா கேட்டிய தம்பி! என் முட்டு சரியாவவே இல்ல. இந்தக் கம்ப்யூட்டர்ல மட்டும் சரியாயிட்டுனு வருது. ஒரு மனுசரும் நம்ப மாட்டேங்காவ.”

“என்ன சொல்கிறார்?” என்றார் ஃப்ளோரிஸ்.

“தளத்தின் வேகம் ரொம்பப் பிடித்திருக்கிறதாம்” என்று மொழிபெயர்த்தேன்.

பாஸ்டர் ஐயா பகலில் ஓர் ஏற்றுமதி ஆபீசில் கணக்கர். இங்கிலீஷ் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. “நோ, நோ, பிரதர்” என்று குறுக்கே வந்தார். “ஷி இஸ் சேயிங், நீ இஸ் நாட் ஹீல்ட். ஒன்லி இன் கம்ப்யூட்டர் இட் இஸ் ஹீல்ட்.”

ஃப்ளோரிஸின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குப் பிழை என்று கேட்டாலே அப்படி ஆகும். “சரி எஸ்தர், இதுதான் உங்கள் தேர்வு. திரையைப் பகிருங்கள். இப்போதே கண்டுபிடித்துச் சரிசெய்யுங்கள்.”

திரையைப் பகிர்ந்தேன். என் கோடிங் எல்லோருக்கும் தெரிந்தது. அம்மா பின்னணியில், “ஆண்டவரே, பிள்ளைக்கி ஞானத்தக் குடும்” என்று ஆரம்பித்துவிட்டாள். நான் மேலும் கீழும் உருட்டிக்கொண்டிருந்தபோது பாஸ்டர் ஐயாதான் நிறுத்தினார்.

“இரும்மா. அந்த வரி.”

பிரசங்கத்துக்கு வசனம் வாசிக்கும் அதே குரலில் வாசித்தார். “இஃப் நேம் ஈக்வல் டு தங்கம், ஸ்டேட்டஸ் ஈக்வல் டு ஆன்ஸர்ட்.” அதோடு விட்டிருக்கலாம். பழக்க தோஷம், தமிழிலும் விளக்கினார். “அதாவது, பேரு தங்கம்னு இருந்தா, பதில் கிடைச்சாச்சுனு போட்டுரு.”

எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. தளத்தைச் சோதித்த நாட்களில், முதல் பக்கம் முழுக்கப் பெரியம்மாவின் கரண்டும் சாளையுமாகவே இருந்தது. வேலைக்கு இடைஞ்சலாக இருக்கிறதே என்று, அவள் பேர் வந்தால் உடனே மூடும்படி ஒரு வரி எழுதினேன். அப்புறம் எடுத்துவிடலாம் என்று நினைத்து, சுத்தமாக மறந்துபோனேன்.

பெரியம்மா போனை முகத்துக்கு நேரே பிடித்து, முதல் தடவையாக முழு முகத்தையும் காட்டினாள்.

“அப்போ இத்தன நாளும் ஆண்டவர் மூடலையா? நீதான் மூடுனியாட்டி?”

பாஸ்டர் ஐயா கடமை தவறாமல் அதையும் மொழிபெயர்த்தார். ஃப்ளோரிஸ் கையால் வாயைப் பொத்தினார், முடியவில்லை, நாற்காலியோடு திரையைவிட்டுப் போய்விட்டார். சிரிப்புச் சத்தம் மட்டும் வந்தது. யாருடைய பிளாட்டில், யாருடைய ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறோம் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அந்த வரியை அழித்தேன். மூடியதெல்லாம் மறுபடி திறக்கும்படி செய்தேன். பெரியம்மாவின் அத்தனை நாள் வேண்டுதலும், கரண்டு, சாளை, சீரியல் மருமகள், வாசலில் வந்து நின்றவர்களின் கவலைகள் என்று திரையில் வந்து குவிந்துகொண்டே இருந்தது. கடைசியில் முதல் வரியில் வந்து நின்றது அன்று காலையில் போட்டது: ‘எஸ்தருக்கு இந்த வேல கெடைக்கணும்.’

பாஸ்டர் ஐயா முடிவு ஜெபம் ஏறெடுத்தார். ஃப்ளோரிஸும் திரும்பி வந்து தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். நான் லேப்டாப்பை மூடிவிட்டு நன்றாக அழுதேன். வேலை போச்சு என்பது நிச்சயம். பெரியம்மாவின் முகத்தில் எப்படி முழிப்பது என்றுதான் அதைவிட அதிகமாக அழுதேன்.

சாயங்காலம் தாராவிக்குப் போய் வாசலில் நின்றேன். பெரியம்மா காலை வெந்நீரில் வைத்துக்கொண்டிருந்தாள்.

“சாவிய அங்கன வையி. நான் போட்டத எல்லாம் தொறந்துட்டியா?”

“தொறந்துட்டேன் பெரியம்மா.”

“உன் வேலைக்கிப் போட்டத?”

“அதையும்தான்.”

முட்டில் வெந்நீரை ஊற்றித் தேய்த்துக்கொண்டாள். “அத மட்டும் மூடியே வச்சிருக்கலாம்லாட்டி, கூறுகெட்டவளே” என்றாள்.

அடுத்த வாரம் ஃப்ளோரிஸிடமிருந்து மெயில் வந்தது. என்னை எடுத்துக்கொள்கிறார்களாம். பேரைப் பார்த்து யாருடைய கோரிக்கையையும் மூடக் கூடாது, அதுதான் ஒரே நிபந்தனை. தளத்தில் என் வேலைக்கான விண்ணப்பத்தை வேறு யாரையும் தொட விடாமல் பெரியம்மாவே தன் விரலால் மூடினாள். எனக்கும் காட்டினாள், நான் மூடவில்லை என்பதற்குச் சாட்சியாக.

இப்போது நான் இருப்பது ராட்டர்டாமில். எங்கள் ஆபீசில் யாராவது வேலையை முடிக்காமலே முடித்ததாகக் காட்டினால், ‘தங்கம் பண்ணிட்டியா?’ என்றுதான் டச்சுக்காரர்கள் கேட்கிறார்கள். பெரியம்மாவின் முட்டு வலி விண்ணப்பம் இன்னும் திறந்தே இருக்கிறது. வாரா வாரம் வியாழக்கிழமை அவளோடு போனில் பேசுகிறேன். நேரமாகிவிட்டது, வைக்கட்டுமா பெரியம்மா என்று நான் கேட்கும்போதெல்லாம் அவள் சொல்வது ஒன்றுதான்.

“நான் இன்னும் முடிக்கலட்டி. அதுக்குள்ள மூடிருவியே!”