பிறர் கடிதம் பிரிக்கும் பெட்டிகள்

ஃபேர்லேண்ட்ஸ், சேலம்
வியாழக்கிழமை

அன்பு மருமகள் நான்சிக்கு,

மாமா ஞானதாஸ் எழுதுவது. இங்கே நானும் என் ரத்த அழுத்த மாத்திரைகளும் ஒழுங்காக இருக்கிறோம். பெங்களூரில் நீயும் உன் செல்போன் கம்பெனி அலுவலகமும் அவ்வாறே இருக்க ஆண்டவர் அருள்வாராக. இக்கடிதத்தில் வருபவை:

1. பெட்டிகளின் பேட்டரி ஏன் சீக்கிரம் தீர்கிறது.
2. நான் செய்த பாதித் திருத்தம்.
3. பெட்டி நொடிக்கொரு முறை விழித்தே ஆக வேண்டும். இதில் மறுபேச்சுக்கு இடமில்லை.
4. ஆகவே சனிக்கிழமை எல்லாவற்றையும் கழற்றப்போகிறேன்.

என் பழைய மாணவி சௌந்திரம் ஜலகண்டாபுரத்தில் விசைத்தறிக் கூடம் நடத்துவது உனக்குத் தெரியும். அங்கே பக்கத்தில் நின்று கத்தினாலும் தறிச் சத்தத்தில் கேட்காது, செல்போனையோ அலுவலக மேசையில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், ஆகவே வீட்டிலிருந்து அவசரம் என்று போன் வந்தால் ஆளைக் கூப்பிட ஒரு வழி செய்யுங்கள் சார் என்று அவள் கேட்க, ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியனிடம் யாரும் எதையும் கேட்பது அபூர்வமாதலால் உடனே ஒப்புக்கொண்டு, அங்கே தறி ஓட்டும் பன்னிரண்டு பேருக்கும் ஆளுக்கொரு கம்பியில்லாப் பெட்டி செய்து தறியருகே மாட்டினேன். மேசையில் பொத்தானை அழுத்தினால் அவரவர் பெட்டியில் சிவப்பு விளக்கு எரியும். எரிந்தது. நான்கு நாள் எரிந்தது. ஐந்தாம் நாள் அனிதா என்பவரின் வீட்டுக்காரர் போன் செய்தபோது அனிதாவின் பெட்டி செத்துக் கிடந்தது. அவர் மகள் பிரவீனாவுக்கு இது ஒன்பதாம் மாதம். வலியென்று எடப்பாடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன செய்தி, ஷிஃப்ட் முடிந்த பிறகுதான் தாய்க்குக் கிடைத்தது. பொய்வலி என்பதால் நான் தப்பித்தேன்.

"லைட்டு செத்துப்போச்சுன்னு சொல்றதுக்கு இன்னொரு லைட்டு வெச்சிரலாமுங்க சார்," என்றார் பக்கத்துத் தறி கௌதமன்.

நீ போனில் சொன்னதை வைத்துக் காரணத்தைக் கண்டுபிடித்தேன். பொத்தான் அனுப்பும் கட்டளை காற்றில் பன்னிரண்டு இடங்களில் எதிலும் வரலாம்; தன்னுடையது எதில் வரும் என்று பெட்டிக்குத் தெரியாது. அதனால் நொடிக்கொரு முறை விழித்து, பன்னிரண்டையும் கடிதம் போலப் பிரித்துப் பார்த்து, தனக்கு ஒன்றுமில்லை என்று மறுபடி படுக்கிறது. செல்போன்களின் பிழைப்பும் இதுதான் என்றாய். சௌந்திரத்திடம் விளக்கினேன்.

"ஏனுங்க சார், அடுத்தவங்களுக்கு வந்ததையெல்லாம் பிரிச்சுப் பாத்துட்டுத்தான் தூங்குதுங்களா? எங்கூட்டு நாத்தனாவே தேவலீங்களே," என்றாள்.

எனவே மூன்று தறி வரிசைகளுக்கும் வரிசைக்கு நான்கு இடங்களாகப் பிரித்து ஒதுக்கினேன். இனி ஒரு பெட்டி நான்கை மட்டும் பிரித்தால் போதும். பேட்டரி ஒன்பது நாள் வந்தது. ஆனால் அங்கே தறி நிற்பது அமாவாசைக்கு மட்டும்தான். பேட்டரி மாற்றவும் அன்றுதான் முடியும். "முப்பது நாள் தாங்கலீன்னா கழட்டிருங்க சார். அரைகொறையா நம்பறதுக்கு இல்லாமயே இருக்கலாமுங்க," என்றாள். நியாயம்தான். கழற்றினால் பிரசவம் வரை அனிதா வேலைக்கு வராமல் வீட்டில் உட்கார வேண்டியதுதான். பெட்டி விழிக்கும் தடவைகளைக் குறைக்கலாமா என்று நானே கேட்டு, அவசரச் செய்தியைத் தாமதிப்பது பாவம் என்று நானே மறுத்துவிட்டேன். என் யோசனையில் ஓட்டை இருந்தால் எழுது. இருக்கும் என்றுதான் நம்புகிறேன்.

மார்ட்டின் மாப்பிள்ளைக்கு என் அன்பு. உங்கள் இருவர் சிரசிலும் கை வைத்ததாக எண்ணிக்கொள்ளவும்.

இப்படிக்கு,
மாமா ஞானதாஸ்

பின்குறிப்பு (சனிக்கிழமை): கடிதத்தைத் தபாலில் சேர்க்கத் துணிவில்லாமல் திருப்புளியோடு ஜலகண்டாபுரம் போனேன். அனிதா வழிமறித்தார்.

"நொடிக்கு நொடி அது எதுக்குங்க சார் முழிக்கோணும்? நான் நாலு தறி பாக்கறனுங்க. பொட்டி மாட்டுன இந்தத் தறிக்கு வாரதே, நாடாவுக்குள்ள இருக்கற தார்க்குச்சியில நூல் தீந்து வேற தார் மாத்தறதுக்குத்தானுங்க. ஒரு தார் தீர மூணு நிமிசம் ஆவுமுங்க. நான் பாக்காதப்ப அது எரிஞ்சு யாருக்குங்க?"

அங்கேயே நிமிடத்துக்கு ஒருமுறை என்று மாற்றினேன். கணக்குப்படி இரண்டு அமாவாசை தாங்கும்.

பகல் இரண்டரைக்கு அனிதா வீட்டிலிருந்து போன் வந்தது. சௌந்திரம் அழுத்தினாள். ஐம்பது நொடி விளக்கு எரியவில்லை. அத்தனை நொடியும் என் சட்டைப்பையில் ஜெபமாலையைத் தேடினேன். எரிந்தது. இன்னும் ஒரு நிமிடம் கழித்துத்தான் அனிதா தார் மாற்ற வந்தார், பார்த்தார், தறியை நிறுத்தினார், எடப்பாடி பஸ்ஸைப் பிடித்தார். பிரசவ அறைக்குப் போகுமுன் மகளின் கையைப் பிடித்துக்கொள்ள நேரம் இருந்ததாம். பேத்தி.

மேலே பட்டியலிட்டதில் மூன்றாவது விஷயம் தவறு. நான்காவது அதோடு போயிற்று.