கருவாட்டுப் பெட்டிக்கு வந்த மானியம்

என் பெண்டாட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தே தீருவது என்று முடிவு செய்தேன்.

தப்பாக நினைக்காதீர்கள். அவள் கோபித்துக்கொண்டு எங்கேயும் போகவில்லை. கருவாடு காயவைக்கப் போயிருக்கிறாள். தினமும் போகிறாள். காத்திவாக்கம் கடற்கரை எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்தான். நான் கூப்பிட்டால் மட்டும் அவளுக்குக் காது கேட்காது.

நான் மனோகரன். போட் இன்ஜின் ரிப்பேர், வெல்டிங், கிரில் கேட். பட்டறைக்கு 'மனோகரன் இன்ஜினியரிங் ஒர்க்ஸ்' என்று பெயர். பெயரைத் தவிர அங்கே எல்லாமே சிறிசு. மகன் மஸ்கட்டில். மகளைக் கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்தாச்சு. மத்தியானம் வீட்டுக்குப் போனால் சோறு இருக்கும், மூடி வைத்து. குழம்பு இருக்கும், அதுவும் மூடி வைத்து. திட்டத்தான் ஆள் இருக்காது. திட்டு இல்லாமல் சோறு இறங்காது என்பது இந்த வயசில்தான் தெரிகிறது.

குணசுந்தரி மணலில் இருப்பாள். நெத்திலியைப் பரப்புவாள். திருப்பிப் போடுவாள். காக்காய் விரட்டுவாள். காற்றில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் பறந்து வந்தால் தார்ப்பாய் போட்டு மூடுவாள். மழை வந்தால் வாரிக்கொண்டு ஓடுவாள். பொழுது சாய்ந்து வீட்டுக்கு வந்தால், நான் பேசப் பேச 'ம்' கொட்டுவாள். கொஞ்ச நேரத்தில் அந்த 'ம்' குறட்டையாகிவிடும்.

ஒருநாள் கேட்டே விட்டேன்.

"மத்தியானத்துல வூட்டுக்கு வந்தா இன்னாமே?"

"வந்து?"

"வந்து குந்து."

"குந்தி?"

"குந்தி... சும்மா குந்து."

"ஏன்யா, வூடு எங்கனா ஓடிப்பூடுமா, நான் மேல குந்திக்கணும்னு? நான் வந்துட்டா கருவாட்ட யாரு பாத்துப்பா? காக்காவா?"

அதற்கு மேல் கேட்கவில்லை. கிழவனுக்கு ஏக்கம் பிடித்துவிட்டது என்று ஒருத்திக்குத் தெரிந்தால் போதும். மணல் முழுக்கச் சிரிக்கும்.

அப்போதுதான் ஜாபர் வந்தான். பக்கத்துப் பட்டறை. ஃபைபர் போட்டுக்கு ஒட்டுப் போடுகிறவன். என் தோஸ்து.

"மாமு, கவுருமெண்ட்டு துட்டு தருதுபா."

"யாருக்கு?"

"நம்மள மாதிரி சின்னப் பட்டறைக்காரனுக்குத்தான். அவங்களுக்கு ஒரு மிசினு தேவைப்படுதாம். கடையில கெடைக்கலியாம். நாம புச்சா செஞ்சு காட்டணும். செய்யிற செலவு அவங்களுது. மானியம், நைனா! திருப்பித் தர வேணாம். வேலைக்கு ஆச்சுன்னா அவங்களே வாங்கி ஊர் ஊருக்கு வெப்பாங்க."

"இன்னா மிசினு?"

"கருவாடு காயவைக்கிற பொட்டி. மீன்துறை கேட்டுகீது."

எனக்குள் ஒரு இன்ஜின் ஸ்டார்ட் ஆனது. பெட்டி வந்தால் காக்காய் இல்லை. சாம்பல் இல்லை. மழை இல்லை. காவல் இல்லை. காவல் இல்லாவிட்டால் குணசுந்தரி மத்தியானம் வீட்டில். எனக்குச் சோறு, எதிரே அவள், நடுவில் திட்டு.

"எழுதிப் போடுடா," என்றேன்.

நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். ஏசி ரூம். நாலு பேர். கேள்வி கேட்டது யசோதரா என்கிற அதிகாரி. என் மகள் வயசு.

"ஐயா, இந்தப் பெட்டியை நீங்க ஏன் செய்யணும்னு நினைக்கிறீங்க?"

'பெண்டாட்டிக்காக' என்பது நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினேன். விழுங்கின வேகத்தில் வேறு ஒன்று வெளியே வந்தது.

"எங்க பொம்பளைங்க மணல்ல வெந்துகினு கீறாங்க, மேடம். அவங்களுக்கு விடுதலை வேணும். அவங்களும் நாலு எடம் போவணும், நாலு உலகத்தப் பாக்கணும்!"

ஏசி ரூமே கை தட்டியது. துணைக்கு வந்த ஜாபர் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அதோடு விட்டானா? செல்போனில் பிடித்து ஊருக்கே அனுப்பினான்.

சாயந்திரம் பக்கத்து வீட்டு ராமசெல்வி வாசலிலேயே மடக்கினாள்.

"இன்னாண்ணே, விடுதலை எல்லாம் பேசிக்கீற? யக்கா, நீ பாத்தியா?"

குணசுந்தரி போனை வாங்கிப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். தன் போனுக்கும் அனுப்பச் சொன்னாள்.

மானியம் வந்தது. இரும்புச் சட்டம் அடித்தேன். மேலே கண்ணாடி மாதிரி ஷீட். உள்ளே வலைத் தட்டுகள். காற்று தள்ள ஒரு ஃபேன், அதற்கு ஒரு சோலார் பலகை. முதல் தடவை நெத்திலி வைத்தேன். திறந்து பார்த்தால் வெந்திருந்தது.

குணசுந்தரியைக் கூப்பிட வேண்டியதாகிவிட்டது. மத்தியானம் மணலை ராமசெல்வியிடம் ஒப்படைத்துவிட்டுப் பட்டறைக்கு வந்தாள். ஒன்றை எடுத்துப் பிய்த்துப் பார்த்தாள்.

"இது இன்னாய்யா? கருவாடா, கொயம்புல பாதியில எடுத்த மீனா?"

"கொஞ்சம் சூடு சாஸ்தியாப் பூட்ச்சு."

"உன் மண்டைலயா, பொட்டிலயா? காத்து போறதுக்கு வயி வெச்சியா? நாளைக்கு வந்து பாக்குறேன். ஒயுங்கா பண்ணி வை."

அடுத்த நாளும் வந்தாள். சோற்றையும் கட்டிக்கொண்டு வந்தாள். கிரைண்டர் மேடையைத் துடைத்து அதன் மேல் இலையைப் போட்டாள். எதிரே உட்கார்ந்தாள். சட்டையில் எண்ணெய்க் கறை என்று திட்டினாள். அள்ளிச் சாப்பிடத் தெரியவில்லை என்று திட்டினாள். ஃபேன் இறக்கை எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று திட்டினாள். கடல் காற்று வந்தது. எனக்கு ரெண்டாவது தடவை சோறு கேட்கத் தோன்றியது.

நான் கேட்டது இதுதான். இவ்வளவுதான். பெட்டி வேலை செய்தால் என்ன, செய்யாவிட்டால் என்ன?

செய்யாவிட்டால் அவள் தினமும் வருவாள்!

புரிந்ததும் வேலையை மாற்றினேன். பகலில் அவள் சொன்ன இடத்தில் ஓட்டை போடுவேன். அவள் போனதும் அடைப்பேன். ஒருநாள் ஃபேனைத் திருப்பி மாட்டினேன். ஒருநாள் ஷீட்டில் இடைவெளி விட்டேன். அரசு மானியத்தில் இவ்வளவு அக்கறையாக எதையும் கெடுத்தவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். குணசுந்தரியும் தினம் வந்தாள். தினம் திட்டினாள். மழைக்காலம் வரை ஓட்டிவிடலாம் என்று நினைத்தேன்.

ஒருநாள் பெட்டியைச் சுற்றி ஒரு ரவுண்டு வந்தாள். நின்றாள்.

"யோவ். நேத்து இங்க ஓட்டை இருந்துச்சே."

"எங்க?"

"இங்க. என் வெரல வுட்டுப் பாத்தேன். இப்ப வெல்டிங் அட்ச்சுகீற."

"ஜாபர் அட்ச்சிருப்பான்."

"அவன் ஃபைபர் ஒட்றவன்யா. வெல்டிங் மிசினப் பாத்தாலே எட்டு ஊடு தள்ளி நிப்பான்."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. உள்ளேயே வைத்துக்கொண்டாள்.

"சரி, துன்னு," என்றாள். அன்றைக்குத் திட்டவே இல்லை. அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

மறுநாள் நான் மணலிக்கு இரும்பு வாங்கப் போய்வந்த நேரத்தில், ஜாபரை விட்டு டிரில்லால் ஓட்டையைத் திறக்கவைத்திருக்கிறாள். ஃபேனை நேராக மாட்டவைத்திருக்கிறாள். அதோடு, பெட்டி தயார், வந்து பாருங்கள் என்று யசோதராவுக்குப் போனும் போட்டுவிட்டாள்.

கடற்கரையில் சோதனை. மணல் நிறையப் பெண்கள். காலையில் நெத்திலியை வைத்தோம். மத்தியானம் திறந்தோம். சரசரவென்று இருந்தது. ஒரு சாம்பல் பொட்டு இல்லை. காக்காய் ஒன்று ஷீட்டைக் கொத்திப் பார்த்துவிட்டு, அவமானத்தோடு பறந்து போனது.

"அருமைங்க ஐயா!" என்றாள் யசோதரா. "துறை எடுத்துக்குது. அடுத்து மத்த கடலோர ஊர்கள்லயும் வைக்கணும். இதைத் தெரிஞ்ச ஒருத்தர் ஊர் ஊராப் போய், அங்க இருக்கற பெண்களோட தங்கிக் கத்துக்குடுக்கணும். நீங்க போறீங்களா?"

"நானா? பட்டறை கீதே, மேடம்."

"நான் போறேன்," என்றாள் குணசுந்தரி.

ராமசெல்வி கையிலிருந்த நெத்திலித் தட்டைக் கீழே வைத்தாள்.

"நீ எப்டிமே? வூட்ல..."

"வூட்ல இன்னா?"

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். ராமசெல்வி. ஜாபர். யசோதரா. போன காக்காய்கூடத் திரும்பி வந்து உட்கார்ந்தது. சொல்ல வேண்டியது ஒரே வார்த்தைதான். 'நான் கீறேன்மே' என்று சொன்னால் போதும். வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

"நீதானய்யா சொன்ன?" என்றாள் அவள். "பொம்பளைங்களுக்கு விடுதலை வேணும், நாலு எடம் போவணும், நாலு உலகத்தப் பாக்கணும்னு. செல்லுல கீது. போட்டுக் காட்டவா?"

"வேணாம்," என்றேன். "போய்ட்டு வா."

மறுபடியும் கை தட்டினார்கள். எனக்குக் கை தட்டினாலே ஆபத்து.

வீட்டில் பையில் புடவை அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் கதவுப் பக்கம் நின்றேன்.

"ஏன்மே?"

"கண்ணாலம் ஆன நாள்லேந்து இந்தக் கடல ஒரே எடத்துலேந்து பாத்துகினு கீறேன்யா. அந்தாண்ட போனா எப்டி இருக்கும்னு ஒரு ஆசை. ரொம்ப நாளா."

"அத்த முன்னாடியே சொல்லிருக்கலாமே."

அடுக்குவதை நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள்.

"நீ மட்டும் சொன்னியா? பொட்டிய ஏன் செஞ்சன்னும் தெரியும். ஏன் கெடுத்தன்னும் தெரியும்."

சொல்லிவிட்டு இன்னொரு புடவையை மடித்து வைத்தாள்.

பெட்டிகளை நான் செய்து அனுப்ப வேண்டும், அவள் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு. முதலில் கோவளம் போனாள். போன் செய்தாள். "பொட்டி வந்து சேர்ற வரைக்கும் நான் இங்கியே குந்திகினு கீறேன்யா. சீக்கிரம் அனுப்பு."

சீக்கிரம் அனுப்பினால் சீக்கிரம் வருவாள். சாப்பாடு மறந்து வெல்டிங் அடித்தேன். ஜாபர் லாரி பிடித்துக் கொடுத்தான். பெட்டி போய்ச் சேர்ந்தது.

"சோக்கா கீதுய்யா!" என்றாள். "இந்த ஊரு முடிஞ்சுது. நாளைக்குக் கடலூர் போறேன். அங்க அனுப்பு."

மெதுவாகச் செய்தால் அந்த ஊரிலேயே இருக்கிறாள். வேகமாகச் செய்தால் அடுத்த ஊருக்குப் போகிறாள். இந்த மிஷினுக்கு நியூட்ரலே கிடையாது.

நாகப்பட்டினத்திலிருந்து பேசும்போது அவள் குரல் வேறு மாதிரி இருந்தது. பின்னால் அலை கேட்டது. அந்த அலையும் வேறு மாதிரிதான்.

"இங்க கடல் அமைதியா கீதுய்யா. பொழுது சாயற நேரத்துல மணல்ல தனியா குந்தினேன். நீயும் கூட இருந்தா நல்லா இருக்கும்னு தோணுச்சு."

வெல்டிங் கண்ணாடியைக் கழற்றினேன். கண்ணில் புகை. துடைத்தேன். ஒரு கையால் ஷட்டரை இழுத்தேன்.

"இதோ இன்னிக்கே கெளம்பறேன்மே!"

"இன்னிக்கா? ராமேஸ்வரம் வரைக்கும் பொட்டி பாக்கி கீது. அத்தயெல்லாம் முட்ச்சுட்டு மொள்ளமா வா."