நாற்பதாம் பக்கத்து ஆள் நானல்ல என்று அச்சிடுக

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஷின்ஜுகுவில் முத்திரை செதுக்கிப் பிழைக்கும் ஒகுமுரா ஷோகிச்சியின் வணக்கம். இந்த ஜூன் மழையில் தங்கள் அலுவலகக் காகிதங்கள் நமத்துப்போகாமல் இருக்க வேண்டுகிறேன். மரியாதை முடிந்தது. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

இம்மாத இதழில் குசகாபே தெய்ஜி என்ற புகைப்படக்காரருக்கு இருபது பக்கம் கொடுத்திருக்கிறீர்கள். விளம்பரம் வரையும் வேலையை விட்டாராம், சின்ன கேமராவோடு பத்து வருடம் தெருத்தெருவாக அலைந்தாராம், கண்ணில் வைத்துப் பார்க்காமல் இடுப்பிலிருந்தே அமுக்குவாராம், இன்று இளைஞர்கள் எல்லோரும் அவரைப் பார்த்துத்தான் படம் எடுக்கிறார்களாம். அதனால்தான் எல்லோர் படமும் ஆடுகிறது! புரட்டினால் கரி அப்பியதுபோல ஒரு தெருநாய், கோணலாக ஒரு விளக்குக் கம்பம், மழையில் ஒற்றைச் செருப்பு. கையெழுத்துக்குப் பதில் குத்தும் முத்திரையாயிற்றே, நான் மயிரிழை பிசகினால் வங்கிக்காரன் திருப்பி அனுப்புகிறான். இவர் தெருவையே பிசகவிட்டு விருது வாங்குகிறார்.

போகட்டும். நாற்பதாம் பக்கத்தில், பச்சின்கோ சூதாட்டக் கடை வாசலில், தொப்பிக்காரன் ஒருவன் பொட்டலத்தோடு வெளியே வருகிறான். முகம் ஆடிக் கலங்கி மூக்கில்லை, கண்ணில்லை. என் மனைவி மிசாவோ இதழை விரித்து, "இது உங்க தொப்பி மாதிரி இல்ல?" என்றாள். மாதிரி என்றுதான் கேட்டாள். நான் அவசரப்பட்டு, "புதன்கிழமை மட்டும்தான் போறேன், சத்தியமா!" என்று உளறிவிட்டேன். "முத்திரைக்கு மரம் வாங்கப் போறதா நாலு வருஷமா சொன்னீங்களே!" என்று கத்திவிட்டு, கோஃபுவில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு ரயிலேறிவிட்டாள். இன்றோடு ஒன்பது நாள். மூன்று வேளையும் கடை நூடுல்ஸ். அவள் இல்லாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை; வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

எங்கள் பக்கமே கேமராவோடு அலைந்துகொண்டிருந்த குசகாபேயைச் சந்தில் பிடித்துச் சத்தம் போட்டேன். மறுநாள் காலை இனிப்புப் பெட்டியோடு வந்து, வாசலிலேயே இடுப்பை வளைத்து, "பெரிய தொந்தரவு குடுத்துட்டேன், மன்னிச்சிடுங்க" என்றார்.

"அந்த ஆள் நான்தான்னு உமக்குத் தெரியுமாய்யா?"

"எடுத்ததுல யார் யாருன்னு எனக்கே தெரியாதுங்க. கோபமா ஒருத்தர் வந்தா முதல்ல மன்னிப்பு கேட்டுடறது."

குனிந்தபடியே இருந்தார். டிக்கென்று ஒரு சத்தம். என் கால்களைப் படமெடுத்துவிட்டார்!

ஆகவே, நாற்பதாம் பக்கத்தில் இருப்பவர் ஒகுமுரா அல்ல என்று அடுத்த இதழில் கொட்டை எழுத்தில் மறுப்பு வர வேண்டும். பொய்தான். ஆனால் அச்சில் வந்தால் மிசாவோ நம்புவாள். மழையில் மூளை குழம்பிப் பேசிவிட்டேன் என்று மிச்சத்தை நான் சமாளித்துக்கொள்கிறேன். அதையாவது ஆடாமல் அச்சிடுங்கள்.

தங்கள் வீட்டில் அனைவரும் சளி, இருமல் இல்லாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
கொதிப்புடன்,
ஒகுமுரா ஷோகிச்சி

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் மிசாவோ வந்து நிற்கிறாள், கையில் அதே இதழ். "எந்தப் படம் எந்த ஊர்னு கடைசிப் பக்கத்துல போட்டிருக்கே, பாத்தீங்களா? இது வடக்குத் தீவுல இருக்கிற ஹகோடாடே. நீங்க எப்போ கடலைத் தாண்டிப் போனீங்க?" என்கிறாள். கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கிறேன், அப்படித்தான் போட்டிருக்கிறது. "இருபத்திரண்டு வருஷத்துல உங்க வாயிலேருந்து ஒரு உண்மையை வரவழைச்சது இந்தப் படம் ஒண்ணுதான்" என்கிறாள். மறுப்பு வேண்டாம். அந்தப் படத்தில் பெரிய பிரதி ஒன்று அனுப்புங்கள், கடையில் என் கண்ணுக்கு எதிரே மாட்டப்போகிறாளாம். முகத்தை மட்டும் தெளிவாக்கிவிட வேண்டாமாம்.